புற்றுக்காளானுக்கு விதை போடுவது யார்?

வல்லக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் நிலம் மனையாகவும் ஆலையாகவும் மாறும்போது, பொக்லைன் வந்தால் வரப்போடு புற்றும் போகிறது. அதோடு புற்றுக்காளானும் போய்விடும். சிப்பிக்காளானைப் போல இதற்கு விதைப் புட்டி கிடையாது. வைக்கோல் படுக்கையில் வளர்த்து விற்கவும் வழியில்லை. இதன் விதை கரையானிடம்தான் இருக்கிறது.

மரத்தையும் சருகையும் கரையான் தனியாக முழுக்கச் செரித்துவிட முடியாது. மென்று விழுங்கி, பாதி செரித்த எச்சத்தைப் புற்றின் உள்ளறைகளில் பஞ்சு போல அடுக்கி வைக்கும். அதில் காளான் இழை படர்ந்து, சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் விடும். இளம் வேலைக்காரக் கரையான்கள் அந்த உருண்டையைச் சருகோடு சேர்த்துத் தின்னும். உருண்டைக்குள் இருக்கும் வித்துகள் குடலில் சாவதில்லை. எச்சத்தோடு புது அடுக்கில் விழுந்து முளைக்கின்றன. தின்பதும் விதைப்பதும் அதற்கு ஒரே வேலை! இந்த வெள்ளாமைக்கு வயது சுமார் 3 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் விஞ்ஞானிகள். நம் நெல் சாகுபடி நேற்று வந்தது.

இந்தக் காளான்களில் ஒரு வகையை 1979-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் புதிய இனமாக விவரித்தார். 'டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி' என்பது அதன் பெயர்.

புதுப் புற்றுக்கு வித்து எப்படிப் போகிறது? மழைக்குப் பறக்கும் ஈசல் கொண்டுபோவதாக நினைப்போம். பெரும்பாலான இனங்களில் அப்படி இல்லை. ஈசல் ஜோடி வெறுங்கையோடு மண்ணுக்குள் அடைகிறது. அதற்குப் பிறக்கும் முதல் வேலைக்காரர்கள் இரை தேடி வெளியே வரும்போதுதான், தரையில் கிடக்கும் வித்துகளைச் சேர்த்து உள்ளே கொண்டுபோகின்றன. அந்த வித்து, குடை முழுதும் விரிந்த காளானின் அடிமடிப்பிலிருந்து உதிர்ந்தது. ருசிக்காக எல்லாவற்றையும் மொட்டிலேயே பறித்துவிட்டால் உதிர என்ன இருக்கும்? ஒவ்வொரு கூட்டத்திலும் நாலைந்தை விரிய விடுங்கள். கடப்பாரையால் தோண்டாமல் தரைமட்டத்தில் அறுத்தெடுங்கள். கரையான் மருந்து ஊற்றிய புற்றில் முளைத்ததைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. "ஆடு தின்னுது, நாமும் தின்னலாம்" என்று சொல்வது தப்புக் கணக்கு. ஆடும் கரையானும் தின்று பிழைக்கும் காளான் மனிதனைப் படுக்க வைக்கலாம். மழைக்குப் பின் புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடைகளில் விஷக்காளானும் உண்டு. முற்றினால் அதன் அடிமடிப்பு பச்சை சாயும். பூண்டு போட்டுப் பார்ப்பது, வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது எதுவும் அதைக் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால், மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.