ஐந்து துண்டாகும் ஜமுனாமரத்தூர்

ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரின் பெயரில் எத்தனை எழுத்து? ஜ, மு, னா, ம, ர, த், தூ, ர். விரல்விட்டு எண்ணினால் எட்டு. உலகெங்கும் புழங்கும் பைத்தான் கணினி மொழியிடம் 'லென்' கட்டளை கொடுத்துக் கேளுங்கள். 13 என்று சொல்லும். இந்தப் பெயரிலுள்ள சொல்லை எடுத்துத் தா என்று, உரையில் தேட உதவும் அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதியிடம் கேட்டால் 'ஜம', 'ன', 'மரத', 'த', 'ர' என்று ஐந்து துண்டுகளைத் தரும்.

முதல் விடை பிழையல்ல. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'மு' என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். புள்ளிக்கும் தனி எண் உண்டு. பைத்தான் எண்ணுவது அவற்றைத்தான். இரண்டாவது விடைதான் சிக்கல். எழுத்து, எண், அடிக்கோடு இவை மட்டுமே சொல்லின் பகுதி என்று அந்தத் தொகுதி கொள்கிறது. உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் சொல் அங்கேயே முறிகிறது. இத்தகைய குறிகளையும் சொல்லோடு சேர்க்க வேண்டும் என்பது யூனிகோடின் 18ஆம் தொழில்நுட்பத் தரத்தின் பரிந்துரை.

2007 ஏப்ரலிலேயே ஒரு பயனர் இதைப் பைத்தானின் பிழைப் பட்டியலில் பதிவு செய்தார். தேவநாகரிச் சொற்கள் துண்டு துண்டாகின்றன, உயிர்க்குறிகளைக் கணக்கில் எடுக்காததே காரணமாக இருக்கலாம் என்றார். நல்ல பிழை அறிக்கைக்கு வேண்டியவை இவைதாம்: என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன கிடைத்தது, யார் ஓட்டினாலும் அதே பிழை தெரியும் சின்னஞ்சிறு எடுத்துக்காட்டு. 'தமிழ் சரியாக வரவில்லை' என்று மட்டும் எழுதினால் திருத்துபவருக்குப் பிடி கிடைக்காது.

ஆனாலும் தீர்வு எளிதல்ல. பழைய நடத்தையை நம்பி எழுதிய நிரல்கள் உலகெங்கும் ஓடுகின்றன. ஒரு விதியை மாற்றினால் அவற்றில் சில உடையக்கூடும். 2022இல் பைத்தானின் பிழைப் பதிவுகள் கிட்ஹப் தளத்துக்கு இடம்பெயர்ந்தபோது இந்தப் பதிவும் முடிக்கப்படாமலே உடன் போனது.

தீர்வு வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 'ரீஜெக்ஸ்' என்ற தனித் தொகுதி குறிகளையும் சொல்லோடு சேர்க்கிறது. தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' நிரலகம் எழுத்துகளைத் தமிழ் முறையில் பிரிக்கிறது. அதனிடம் ஜமுனாமரத்தூரைக் கொடுத்தால் எட்டு எழுத்துகள் கிடைக்கும்.

திறமூல மொழியில் திருத்தம் செய்பவர் அதோடு ஒரு சோதனையையும் எழுதிச் சேர்ப்பார். பிறகு யார் எந்த மாற்றம் செய்தாலும் அந்தச் சோதனை ஓடும். பழைய பிழை திரும்பினால் உடனே காட்டிக்கொடுக்கும். அந்தச் சோதனைகளில் தமிழ்ச் சொற்கள் இடம்பெற வேண்டும். அவற்றைத் தமிழ் தெரிந்த நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். அடுத்த முறை கணினியில் உங்கள் ஊர்ப் பெயர் உடைந்தால் சலித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பெயரையே எடுத்துக்காட்டாக வைத்து அறிக்கை எழுதுங்கள்.