கடல் கடந்த பயணம்: அன்றும் இன்றும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா என்று இன்று அழைக்கப்படும் பகுதியை நம் முன்னோர் கடைத்தெரு என்றே வழங்கினர். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த பல்லாயிரவர் இந்தத் துறைமுக நகரின் வழியாகவே மலாயா மண்ணை மிதித்தனர். இன்று நாமும் நம் பெற்றோரும் அதே கடலை விமானத்தில் கடக்கிறோம். ஊர்தி மாறியது, ஆனால் மிகக் குறைந்த கட்டணத்தில் கடல் கடக்கும் எளிய மக்களின் பயணம் மாறவில்லை. அப்பயணம் எத்தகையது என்பதை இங்கு காண்போம்.

1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பலை அறியாத முதியோர் நம்மிடையே அரியர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே அது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடியது. வசதி படைத்த சிலருக்கு அதில் தனி அறைகள் இருந்தன. மற்றவர்கள் தளப் பயணிகள். அவர்களுக்கு அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் அதுவே வீடு. ஒருவருக்கு இத்தனை சதுர அடி என்று தளத்தை அளந்தே ஆட்களை ஏற்றினர்.

தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு அந்தக் கட்டணமும் தேவைப்படவில்லை. 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்தே அவர்களின் பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. 1938-இல் இந்திய அரசு அம்முறையைத் தடை செய்தது. பினாங்கை அடைந்தவுடன் பலர் ஜெரெஜாக் தீவில் இருந்த நோய்த் தடுப்பு முகாமில் தங்கிய பின்னரே கரையேற அனுமதிக்கப்பட்டனர்.

ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் ஓடியது. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதனோடு அந்தக் கப்பற்பயணக் காலமும் முடிவுற்றது.

விமானத்திலும் தொடக்கத்தில் ஏழைகளுக்கு இடமிருக்கவில்லை. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் விமானங்களில் 1952-இல் குறைந்த கட்டணச் சுற்றுலா வகுப்பும், 1958-இல் அதனினும் மலிவான சிக்கன வகுப்பும் ஏற்பட்டன. இதன் கணக்கு எளியது. விமானத்தின் விலை, எரிபொருள், ஊழியர் சம்பளம் ஆகியவை பெரும்பாலும் மாறாதவை. அச்செலவை அதிகப் பேர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவரின் பங்கும் குறையும். ஆகவே இருக்கைகள் நெருக்கி அமைக்கப்படுகின்றன. சிக்கன வகுப்பில் ஓர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் இடையே பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலமே இருக்கும். அன்று சதுர அடியால் அளந்தனர். இன்று அங்குலத்தால் அளக்கின்றனர்!

தோட்டத்தில் ஆயுள் முழுதும் உழைத்த பெரியவர் ஒருவர் முதன்முறையாக விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காது அடைக்கிறது, தொண்டை வறள்கிறது, கால் கனக்கிறது. தமக்கு ஏதோ நோய் வந்துவிட்டதென அஞ்சுகிறார். பிறரைக் கேட்கவும் கூச்சப்படுகிறார். இவற்றின் காரணங்களை நாம் அறிந்திருந்தால் அவர் அச்சத்தைப் போக்கலாம் அல்லவா?

முதலாவது, காதடைப்பு. கொடிமலை இரயிலில் ஏறி இறங்கும்போதும் இதை உணர்ந்திருப்போம். உயரம் மாறும்போது காற்றின் அழுத்தமும் மாறுகிறது. செவிப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகாவிட்டால் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் காதிலிருந்து தொண்டைக்குச் செல்லும் சிறு குழாய் திறந்து, அழுத்தம் சமமாகும். ஒரு மிட்டாயைச் சுவைத்தல் நலம். விமானம் இறங்கும் வேளையில் கைக்குழந்தைக்குப் பாலூட்டலாம்.

இரண்டாவது, தாகம். விமானம் பத்தாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள ஒரு மலைமீது இருப்பதைப் போல அமைக்கப்படுகிறது. கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் சிகரத்தின் உயரம் 2,031 மீட்டர். ஆனால் அம்மலையின் பனியீரம் விமானத்துக்குள் இல்லை. அங்குள்ள காற்று மிகவும் உலர்ந்தது. ஆதலால் அடிக்கடி சிறிது நீர் அருந்த வேண்டும். உணவின் உப்பும் இனிப்பும் நாவுக்குக் குறைவாகத் தோன்றுவதற்கும் இச்சூழலே காரணம்.

மூன்றாவது, கால் வீக்கம். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அசையாமல் அமர்ந்தால் இரத்தம் காலிலேயே தேங்கும். சில வேளைகளில் உறைந்து கட்டியாகி ஆபத்தும் விளைவிக்கும். எனவே பாதங்களை அடிக்கடி அசைக்க வேண்டும்; இயலும்போது எழுந்து நடக்க வேண்டும்.

நான்காவது, உறக்க மாற்றம். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே உள்ளது. கப்பலில் வந்தோர் பல நாள்களில் மெல்ல மெல்ல இதற்குப் பழகினர். விமானமோ ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் நம்மைக் கொண்டுசேர்க்கிறது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் பின்தங்கிவிடுகிறது. இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வேறுபாடு ஐந்து மணி. ஆகவே அங்கு சோர்வும் மிகுதி. காலை வெயிலில் சற்று உலாவினால் உடல் விரைவில் தேறும்.

மலிவான இருக்கை இழிவானதன்று. தளத்தில் பாய் விரித்து வந்தவர்களின் உழைப்பால்தான் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நம் தமிழ்ப் பள்ளிகளும் தோன்றின. அன்று அவர்களுக்குத் துணையாக இருந்தவர் பக்கத்துப் பாயில் படுத்திருந்த அந்நியரே. கஞ்சியைப் பகிர்ந்தனர், கடல் மயக்கத்தில் ஒருவர் தலையை ஒருவர் தாங்கினர். இன்று தோளோடு தோள் உரச அமர்ந்தும், பக்கத்தில் இருப்பவரின் பெயரைக்கூடக் கேளாமல் இறங்கிவிடுகிறோம்.

மாணவச் செல்வங்களே! கப்பலில் வந்த பெரியோர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அந்தக் கடைசிக் கப்பலில் கைக்குழந்தையாக வந்தவருக்கே இன்று நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இனியும் காலம் தாழ்த்தலாகாது. இன்றிரவே உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து, எந்தக் கப்பலில் வந்தார்கள், உடன் என்ன கொண்டுவந்தார்கள், யாரைப் பிரிந்து வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களோடு விமானம் ஏறும் நாள் வந்தால், சன்னலோர இருக்கையை அவர்களுக்கே கொடுங்கள். தாங்கள் பல நாள் கடந்துவந்த கடலை, அவர்கள் ஒருமுறை மேலிருந்து காணட்டும்!