1956-ஆம் ஆண்டுப் பேப்பர் ஒன்று வேண்டும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சத்தியவேட்டிலிருந்து வழக்கமாக வரும் மூத்த அம்மையார் ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, நீங்க ரயில்வேயிலே இருந்தவராச்சே. அரியலூர் ரயில் கவிழ்ந்த பேப்பர் எங்கேயாவது கிடைக்குமா?" என்று கேட்டார்.

அந்த ரயிலில் போன அவருடைய தகப்பனார் திரும்பி வரவில்லை. அம்மையாருக்கு அப்போது மூன்று வயது. தகப்பனாரின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்த பேப்பரைத் தாயார் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தாராம். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி அதுவும் கூழாகிவிட்டது. "எங்கப்பா பேரை அச்சிலே ஒரு தடவை பார்த்துடணும், வேறே ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

1956 நவம்பர் 23 வெள்ளிக்கிழமை விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்துவிட, எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. மாண்டவர்கள் 140 பேருக்கும் மேல். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகே இதே போன்ற பால விபத்து நடந்து, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலக முன்வந்தபோது பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்க வேண்டியதாயிற்று. நான் பணியில் சேர்ந்த காலத்திலும் மழைக்கால ரோந்தைப் பற்றிச் சொல்லித் தந்த பெரியவர்கள் அரியலூரைக் குறிப்பிடாமல் விட்டதில்லை.

பழைய பேப்பரைத் தேடுகிறவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது தேதி. சம்பவம் நடந்த தேதி வேறு, பேப்பரின் தேதி வேறு. 23-ஆம் தேதி விடியற்காலையில் நடந்தது 23-ஆம் தேதிக் காலைப் பேப்பரில் இருக்காது. மாலைப் பேப்பரில் அன்றும், காலைப் பேப்பரில் 24-ஆம் தேதியும்தான் வரும். அடுத்தது பதிப்பு. அந்நாளில் வெளியூர்ப் பதிப்பை முன்னிரவிலேயே அச்சிட்டு இரவு ரயில்களில் ஏற்றிவிடுவார்கள். நகரப் பதிப்பு விடியற்காலையில் அச்சாகும். ஒரே தேதியில், ஒரே பெயரில் வந்த இரண்டு பேப்பர்களில் ஒன்றில் இருக்கும் செய்தி மற்றதில் இல்லாமற் போகலாம். நூலகங்களில் பெரும்பாலும் ஒரு பதிப்புதான் இருக்கும். ஆகையால் ஒரு நூலகத்தில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை என்று திரும்பிவிடக் கூடாது.

முதலில் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அண்மைக் கால இதழ் என்றால் பணம் கட்டி வாங்கலாம், அவ்வளவு பழையது இல்லை என்று வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தினமும் மலையாகக் குவியும் காகிதத்தை யார்தான் வைத்துக் காப்பாற்றுவது?

நூலகங்கள்தான் வழி. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைக் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும் என்றது. 1956-இல் திருத்தம் செய்து செய்தித்தாள்களையும் சேர்த்தார்கள். கல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டில்லி நூலகங்களோடு நமக்குப் பக்கத்திலிருக்கும் சென்னை கன்னிமாரா நூலகமும் அதில் அடங்கும். 1896-இல் திறக்கப்பட்டது. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இன்னொன்று தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். வாழ்நாளெல்லாம் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தவர் 1992-இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை வைத்து 1994-இல் சென்னையிலேயே நூலகம் உருவாயிற்று. இன்று அது இருப்பது மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில். டிப்ளமா படித்த எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி!

தெலுங்குப் பேப்பர் தேடும் நம் ஆந்திர நண்பர்களுக்கு வேட்டபாலம் சாரஸ்வத நிகேதனம் இருக்கிறது. 1918-இல் தொடங்கிய கிராம நூலகம். சென்னை–விஜயவாடா மார்க்கத்தில் சீராலாவுக்கு அருகே அதே பெயரில் ஸ்டேஷன். காந்தியடிகளின் கைத்தடியும் அங்கே இருக்கிறது.

அம்மையாரும் நானும் தடாவில் காலை லோக்கல் பிடித்துச் சென்னை போனோம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். முதலில் போன நூலகத்தில் பைண்டு வால்யூம் இருந்தது, ஆனால் நவம்பர் கடைசி வாரத்தில் சில தாள்களை யாரோ பிளேடால் அறுத்திருந்தார்கள். இன்னொரு நூலகத்தில் மைக்ரோபிலிமில் கிடைத்தது. 24-ஆம் தேதி இதழில் பெயர்கள் இல்லை. உடல்களை அடையாளம் கண்ட பிறகுதானே பெயர் வரும்? நாள்வாரியாகத் தள்ளிக்கொண்டே போனோம். மூன்று நாள் கழித்து வந்த இதழில், உட்பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. இனிஷியல் தவறு. ஊர் சரி. வயதும் சரி. அம்மையார் திரையின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நகல் எடுத்துத் தந்தார்கள். திரும்பும்போது ரயிலில் அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "இது படம்தானே தம்பி. எங்கம்மா வச்சிருந்த மாதிரி பேப்பராவே கிடைக்காதா?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பேப்பராகவே வேண்டுமென்றால் நூலகம் தராது. தனியார் வீடுகளையும் பழைய பேப்பர் வியாபாரிகளையும்தான் நாட வேண்டும். ஒரு காலத்தில் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது, கேட்டால் தேடிக் கொடுப்பார்கள். 1985-இல் எரிந்துபோயிற்று.

வாங்கும்போது ஏமாறாமலிருக்கச் சில அடையாளங்கள். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நயா பைசா வந்தது. ஆகவே 1956 நவம்பர் பேப்பரில் விலை அணாவில் இருக்க வேண்டும். தமிழ் ஆண்டு போட்டிருந்தால் துன்முகி, மாதம் கார்த்திகை. அன்று அச்செழுத்தை அழுத்தி அச்சிட்டார்கள், தாளின் பின்புறம் விரலால் தடவினால் லேசாகத் தடம் தெரியும். இக்கால ஆப்செட் மறுபதிப்பு வழவழவென்றிருக்கும். அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் போட வேண்டும் என்றது அன்று நடைமுறையிலிருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வரியைப் பார்த்தால் எந்த ஊர்ப் பதிப்பு என்பது தெரிந்துவிடும்.

கிடைத்த பிறகு தயவுசெய்து லாமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். செய்தித்தாள் காகிதம் மரத்தை அரைத்துச் செய்தது. மரத்திலுள்ள லிக்னின் நீங்காததால் வெளிச்சம் பட்டால் பழுத்து, அமிலமேறி, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும். பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடினாலும் அமிலம் உள்ளேயே இருந்து வேலை செய்யும். மடிக்காமல், வெயில் படாமல், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றித் தட்டையாக வையுங்கள். இங்கிலாந்தில் பாஸ்டன் ஸ்பா என்ற இடத்தில் பிரிட்டிஷ் நூலகம் தன் செய்தித்தாள்களுக்கென்றே கட்டியிருக்கும் கிடங்கில், தீப்பற்றாமலிருக்கப் பிராணவாயுவையே குறைத்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், மேற்கூரை ஒழுகாத அலமாரி போதும்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊரிலுள்ள பெரியவர்களின் பெட்டியிலோ, பழைய படிப்பகம் எதிலோ 1956 நவம்பர் 24 முதல் 30 வரையான தமிழ் நாளிதழ் எதுவாவது இருந்தால், எடைக்குப் போடுமுன் நம் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அரைத் தாளானாலும் சரி. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.