கைவினைக் கித்தாரும் அதைச் செய்வோரும்

ஒரு கைவினைஞர் தனியாகவோ ஓரிரு உதவியாளர்களுடனோ, மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் மெருகூட்டுவது வரை, தம் பட்டறையிலேயே செய்து முடிக்கும் கித்தார் கைவினைக் கித்தார் எனப்படும். கித்தாரைக் கிட்டார், கிதார் என்றும் எழுதுவர். மின்கருவியின் துணையின்றி மரப்பெட்டியின் அதிர்வால் ஒலிக்கும் அக்கூஸ்டிக் கித்தாரைப் பற்றியது இக்கட்டுரை. இதைச் செய்பவரை மேலைநாடுகளில் லூத்தியர் என்பர். லூட் என்னும் பழைய நரம்புக் கருவியின் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது. 1960, 1970களில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தொழிலுக்கு வந்த தலைமுறையினர் பலர் இன்று ஓய்வுபெறும் வயதில் உள்ளனர். அவர்கள் செய்த கருவிகள் நிலைத்திருக்கும். அவர்களுடைய கைகள் கற்ற அறிவு அடுத்தவருக்கு எவ்வாறு போய்ச் சேரும் என்பதே கேள்வி.

மேற்பலகையின் பணி

கம்பி மட்டும் அதிர்ந்தால் காற்றைப் பெரிதாக அசைக்காது. கம்பியின் அதிர்வு குதிரை வழியாகப் பெட்டியின் மேற்பலகைக்குச் செல்கிறது. அகன்ற அப்பலகை அசையும்போதுதான் நம் காதுக்கு எட்டும் ஒலி உண்டாகிறது. மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் அல்லது சிடார் மரத்தால் ஆனது. அதன் தடிமன் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். நைலான் கம்பிகள் ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையையும், எஃகுக் கம்பிகள் 70 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசையையும் தருகின்றன. இந்த இழுப்பைத் தாங்கப் பலகையின் உட்புறத்தில் மெல்லிய தாங்குசட்டங்கள் ஒட்டப்படுகின்றன.

பலகை தடித்தால் உறுதியாக நிற்கும், ஆனால் ஒலி அடங்கிப்போகும். மெலிந்தால் நன்கு ஒலிக்கும், ஆனால் நாளடைவில் வளைந்துவிடலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதே செய்பவரின் திறமை. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப மாறும். 2.5 மில்லிமீட்டர் பலகையை 2.25 ஆக இழைத்தால் தடிமன் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. விறைப்போ நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிடுகிறது. எனவே கடைசியாகச் சீவும் சில சுருள்களே கருவியின் குரலைத் தீர்மானிக்கின்றன.

ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகள்கூட எடையிலும் விறைப்பிலும் ஒன்றாக இருப்பதில்லை. தொழிற்சாலையில் எல்லாப் பலகைகளும் ஒரே அளவுக்கு இழைக்கப்படுகின்றன. மெலிந்த மரமும் தாங்க வேண்டும் என்பதால் அந்த அளவு சற்றுத் தடிப்பாகவே வைக்கப்படும். கைவினைஞர் ஒவ்வொரு பலகையையும் வளைத்துப் பார்த்தும் விரலால் தட்டி ஒலியைக் கேட்டும், அதற்கு ஏற்ற தடிமனில் நிறுத்துகிறார்.

தோரெஸ்

இன்றைய செவ்வியல் கித்தாரின் வடிவத்தை நிலைப்படுத்தியவர் ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). பெட்டியைப் பெரிதாக்கி, மேற்பலகையை மெல்லியதாக்கி, விசிறி போல விரியும் தாங்குசட்டங்களைப் பயன்படுத்தினார். மேற்பலகையே ஒலிக்கு முதன்மையானது என்பதைக் காட்ட, 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் அட்டையால் செய்து ஒரு கித்தாரை உருவாக்கினார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

தோரெஸ் ஒருமுறை தொழிலைவிட்டு விலகிப் பீங்கான் பாத்திரக் கடை நடத்தினார். சில ஆண்டுகளில் மீண்டும் பட்டறைக்குத் திரும்பி, இறக்கும்வரை கித்தார் செய்தார். தொழில் ரகசியத்தை உலகுக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்று கேட்டபோது, அது தம் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உள்ள தொடு உணர்வு என்றும், தம்மோடு கல்லறைக்குத்தான் செல்லும் என்றும் அவர் கூறியதாக, அவருடன் பழகிய ஒரு பாதிரியார் எழுதிவைத்துள்ளார்.

அறிவு கைமாறும் வழிகள்

அந்த விரல் அறிவு முழுவதுமாக மறைந்துவிடாமல் காக்கச் சில வழிகள் உள்ளன.

குடும்பம்: மாட்ரிட் நகரில் ஹோசே ரமிரெஸ் 1882இல் தொடங்கிய பட்டறை தலைமுறைகளாகத் தொடர்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மலைப்பகுதியில் உள்ள ரக்பி என்னும் சிற்றூரில், 1947இல் பிறந்த வெய்ன் ஹெண்டர்சன் பல்லாண்டுகள் தபால்காரராக வேலை செய்துகொண்டே கித்தார்கள் செய்தார். 1995இல் அந்நாட்டின் தேசியப் பாரம்பரிய விருது பெற்றார். சட்டம் படித்த அவருடைய மகளும் இன்று கித்தார் செய்கிறார்.

பட்டறைப் பயிற்சி: கனடாவின் டொரொண்டோ நகரில் 1970களில் ழான் லாரிவேயின் பட்டறையில் பயின்ற பலர் பின்னர் தனித்தனியே புகழ்பெற்றனர். அவர்களுள் லிண்டா மான்சர், 1984இல் பாட் மெத்தீனி என்னும் கலைஞருக்காக 42 கம்பிகள் கொண்ட கித்தாரைச் செய்தார்.

கருவியே ஆசிரியர்: மானுவல் ரமிரெஸின் பட்டறையில் 1912இல் செய்த கித்தாரை ஆந்த்ரேஸ் செகோவியா வாசித்துவந்தார். ஜெர்மனியின் ஹெர்மன் ஹவுசர் அதைக் கூர்ந்து ஆராய்ந்து, பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1937இல் செகோவியாவுக்கு உகந்த கித்தாரைச் செய்தார். அவ்விரு கருவிகளும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

நூல்: தாமும் கித்தார் செய்பவரான ஹோசே ரோமானியோஸ், தோரெஸின் வாழ்க்கையையும் கருவிகளையும் ஆராய்ந்து 1987இல் நூல் வெளியிட்டார். நூல் அளவுகளைத் தரும். ஆனால் கையில் உள்ள பலகையை எந்த இடத்தில் இழைப்பதை நிறுத்த வேண்டும் என்பதை நூலால் சொல்ல முடியாது. அதற்கு அருகில் நின்று பார்த்துப் பழக வேண்டும். மூத்தவர் ஓய்வுபெறும் முன்பே இளையவர் பட்டறைக்குள் வரவேண்டியதன் காரணம் இதுவே.

மரமும் தமிழகத் தொடர்பும்

பெட்டியின் பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் முன்பு பிரேசில் ரோஸ்வுட் விரும்பப்பட்டது. அது அரிதாகிவிட்டதால் 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதன் இடத்தைப் பெரிதும் பிடித்தது இந்திய ரோஸ்வுட். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம் (தோதகத்தி) இதுவே. ஆகவே தொலைதூர நாடுகளில் செய்யப்படும் பல கித்தார்களில் நம் மலைக்காட்டு மரம் உள்ளது. பழைய கைவினைஞர்கள் பல்லாண்டுகள் உலரவைத்துச் சேர்த்த மரக்கட்டைகளும் அவர்கள் ஓய்வுபெறும்போது கைமாறுகின்றன.

கைவினைக் கித்தாரை அறிதல்

மேற்பலகையின் வளர்ச்சிக் கோடுகள் நெருக்கமாகவும் நேராகவும் உள்ளனவா எனப் பார்க்கலாம். ஒலித்துளை வழியாகச் சிறு கண்ணாடியை நுழைத்தால் தாங்குசட்டங்கள் தெரியும். அவற்றின் முனைகளை உளியால் மெலிதாக்கிய தடம் கைவேலையின் அடையாளம். எல்லாக் கம்பிகளிலும், கழுத்தின் எல்லா மெட்டுகளிலும் ஒலி ஒரே சீராக எழுகிறதா எனக் கேட்க வேண்டும். மெல்ல மீட்டினாலும் ஒலி உயிரோடு நிற்பது நல்ல கருவிக்கு அழகு.

இத்தகைய கித்தாரை வைத்திருப்போர், செய்தவர் பணியில் இருக்கும்போதே, பயன்படுத்திய மரம், பசை, மெருகு ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதிவைப்பது நல்லது. சில பத்தாண்டுகள் கழித்துக் கழுத்தையோ குதிரையோ கழற்றிப் பொருத்த நேரும்போது, பழுதுபார்ப்பவருக்கு அக்குறிப்பு கைகொடுக்கும்.