கிறிஸ்டோ, ழான்-குளோத் இணையரின் நிறைவேறாத திட்டங்கள்

கிறிஸ்டோ (1935–2020), ழான்-குளோத் (1935–2009) இருவரும் கட்டடங்களையும் நிலப்பரப்புகளையும் துணியால் போர்த்திய மாபெரும் தற்காலிகப் படைப்புகளால் அறியப்பட்ட சிற்பக் கலைஞர்கள். கிறிஸ்டோ பல்கேரியாவிலும் ழான்-குளோத் மொராக்கோவிலும் ஒரே நாளில் (1935 ஜூன் 13) பிறந்தவர்கள், கணவன் மனைவி. இவர்கள் நிறைவேற்றிய திட்டங்களைவிட நிறைவேறாத திட்டங்களே அதிகம்.

அனுமதியும் பணமும்

இவர்களின் படைப்புகள் பொது இடங்களில் அமைபவை. எனவே ஒவ்வொன்றுக்கும் அரசு, மாநகராட்சி, நில உரிமையாளர் ஆகியோரின் இசைவு தேவைப்பட்டது. நிதியுதவியோ விளம்பர ஆதரவோ இவர்கள் ஏற்பதில்லை. திட்டத்துக்காகக் கிறிஸ்டோ வரைந்த ஓவியங்கள், ஒட்டோவியங்கள், செய்த மாதிரிகள் ஆகியவற்றை விற்றே செலவு செய்தனர்.

கைவிடப்பட்டவை

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தைப் போர்த்தும் திட்டத்துக்கு 1968-இல் அனுமதி கிடைக்கவில்லை. அதன் வரைபடங்களும் மாதிரிகளும் மட்டும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. பார்சிலோனாவில் உள்ள கொலம்பஸ் நினைவுத்தூணைப் போர்த்த 1975-இல் திட்டமிட்டனர். மறுக்கப்பட்டுவந்த அனுமதி 1984-இல் கிடைத்தபோது, அதைச் செய்யும் ஆர்வம் இவர்களுக்கே இல்லாமல் போயிருந்தது.

ஓவர் த ரிவர்

நிறைவேறாதவற்றுள் மிகுந்த உழைப்பை விழுங்கியது இதுவே. ஆற்றுக்கு மேலே வெள்ளி நிறத் துணியைக் கூரைபோல விரிப்பது நோக்கம். 1992-இல் தொடங்கி ராக்கி மலைத்தொடரில் 89 ஆறுகளைப் பார்வையிட்டு, கொலராடோ மாநிலத்தின் ஆர்கன்சா ஆற்றைத் தேர்ந்தெடுத்தனர். சுமார் 68 கி.மீ. நீளப் பகுதியில், எட்டு இடங்களில், மொத்தம் 9.5 கி.மீ. நீளத்துக்குத் துணி இரண்டு வாரங்கள் இருக்கும்.

பெருங்கொம்பு ஆடுகளின் வாழிடமும் மலைப்பாதைப் போக்குவரத்தும் பாதிக்கப்படும் என்று உள்ளூர் மக்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் பின் 2011-இல் நடுவண் அரசு அனுமதி அளித்தது. ஆயினும் வழக்குகள் தொடர்ந்தன. 2017 ஜனவரியில் கிறிஸ்டோ திட்டத்தைக் கைவிட்டார். அந்நிலம் அமெரிக்க நடுவண் அரசுக்கு உரியது என்பதையும், புதிதாகப் பதவியேற்ற டிரம்ப் நிர்வாகத்துக்குப் பயன்தரும் படைப்பைச் செய்ய விருப்பமில்லை என்பதையும் காரணமாகச் சொன்னார். அதற்குள் அவர் செலவிட்டிருந்த சொந்தப் பணம் சுமார் 1.5 கோடி டாலர். கலைஞனின் விருப்பம் மட்டுமே படைப்புக்குக் காரணம் என்றால், அதை நிறுத்தும் உரிமையும் அவனுக்கே உண்டு என்பதற்கு இம்முடிவு எடுத்துக்காட்டாகும்.

காலம் கடந்து நிறைவேறியவை

நிறைவேறாத திட்டம் என்பது எப்போதும் இறுதி நிலை அன்று. பெர்லினின் ரைக்ஸ்டாக் கட்டடத்தைப் போர்த்தும் எண்ணம் 1971-இல் தோன்றியது, மும்முறை மறுக்கப்பட்டது. 1994-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் விவாதித்து 292–223 என்ற வாக்குகளில் ஏற்றது; 1995-இல் நிறைவேறியது. நீர்மேல் நடைபாதை என்ற எண்ணம் 1970-இல் அர்ஜென்டினாவிலும் பின்னர் டோக்கியோவிலும் கைகூடாமல், 2016-இல் இத்தாலியின் இசேயோ ஏரியில் வடிவம் பெற்றது. 1960-களின் தொடக்கத்தில் கிறிஸ்டோ கற்பனை செய்த பாரிஸ் வெற்றி வளைவுத் திட்டம், அவர் இறந்த பிறகு 2021-இல் 25,000 சதுர மீட்டர் துணியால் நிறைவேற்றப்பட்டது.

மஸ்தபா

அபுதாபி பாலைவனத்தில் 4,10,000 வண்ணப் பீப்பாய்களை அடுக்கி 150 மீட்டர் உயரத்தில் எழுப்பத் திட்டமிட்டது மஸ்தபா. 1977-இல் உருவான இத்திட்டம் கிறிஸ்டோவின் வாழ்நாளில் நிறைவேறவில்லை. இது நிறைவேறினால், இவர்களின் ஒரே நிரந்தரப் பெரும்படைப்பாக அமையும். 7,506 பீப்பாய்களாலான சிறிய வடிவம் ஒன்று 2018-இல் லண்டன் சர்ப்பென்டைன் ஏரியில் மிதந்தது.

நிறைவேறிய படைப்புகள் சில வாரங்களில் அகற்றப்பட்டன. நிறைவேறாதவை எழும்பவே இல்லை. எனவே இரண்டு வகைக்கும் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் வரைபடங்கள், மாதிரிகள், ஆவணங்கள் ஆகியவையே.