மின் ஸ்கூட்டர் ஏன் விற்றது: ஒரு வரவு செலவுக் கணக்கு

கொரோனாவுக்குப் பிறகு மக்களிடம் சுற்றுச்சூழல் அக்கறை கூடியதால்தான் மின் ஸ்கூட்டர் வாங்குகிறார்கள் என்று பலர் சொல்கிறார்கள். விற்பனைக் கணக்கைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2020-21இல் இந்தியாவில் பதிவான மின் இருசக்கர வாகனங்கள் ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை. 2021-22இல் சுமார் 2.5 லட்சம், 2022-23இல் 7 லட்சத்துக்கு மேல். இடையில் என்ன நடந்தது? 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, மத்திய அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 10 ரூபாய் ஏற்றியது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய மாதம்தான் மின் வண்டி மானியம், பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆனது.

ஒரு வீட்டுக் கணக்கு போடுவோம். தினம் 30 கி.மீ. ஓட்டம். லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, 2022 மே முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டு சென்னையில் நீடித்த 102.63 ரூபாய் விலையில், நாளுக்கு 68 ரூபாய். மின் ஸ்கூட்டருக்குச் சுமார் 1.1 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 9 ரூபாய். மிச்சம் 59. மாதம் 25 நாள் ஓடினால் ஆண்டுக்கு 17,700. வண்டி விலை 25,000 கூடுதலாக இருந்தாலும் ஒன்றரை ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும். ஆனால் இரண்டு மாத மின் கணக்கில் 55 யூனிட் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் கட்டணம் உயரும் என்பதை மறக்கக் கூடாது.

2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகும் விற்பனை ஏறியது.

2023 ஜூனில் மானியம் மீண்டும் 10,000 ஆனது; வண்டி விலையில் 40 சதவீதம் வரை இருந்த உச்சவரம்பும் 15 சதவீதமானது. மே மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் பதிவான வண்டிகள் ஜூனில் ஐம்பதாயிரத்துக்குக் கீழே போயின. மானியம் குறையுமுன் அவசரமாக வாங்கியவர்களைக் கழித்தாலும் சரிவு பெரிதுதான்.

இதில் வாங்குபவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார். தினம் 10 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு ஆண்டு மிச்சம் 5,900. அதே 25,000 ரூபாயை எடுக்க நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். அவரும் மாற வேண்டுமென்றால் அரசும் நிறுவனங்களும் வண்டி விலையைத்தான் குறைக்க வேண்டும். வாங்க நினைப்பவர்கள், ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து ஓடிய கிலோமீட்டரைக் குறித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்பதை எழுத்தில் வாங்குங்கள்.