முதல் சைக்கிள் பயணம் எங்கே?

ஐரோப்பாவில் சைக்கிளில் ஊர் சுற்ற ஆசையா? முதல் தடவைக்கு ஆல்ப்ஸ் மலை வேண்டாம். டான்யூப் ஆற்றங்கரைதான் சரி. ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆறு ஓடும் திசையிலேயே பாதையும் போவதால் ஏற்றம் மிகக் குறைவு. பெரும்பகுதி லாரி, கார் தொந்தரவும் இல்லை. கால் ஓய்ந்தால் சைக்கிளோடு ரயிலேறலாம்.

திருவனந்தபுரம் மாவட்டத்து அதியன்னூர்க்காரர்கள் விமானம் ஏறுமுன் நெய்யாற்றங்கரையில் பழகிப் பார்க்கலாம். பாறசாலைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 66 வேண்டாம். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும் சாலை அது. கிழக்கே வெள்ளறடைப் பக்கம் மேடு. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாருக்குப் போவதே நல்லது. வழியில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலா என்ற பலாவின் அடிமரத்தையும் பார்க்கலாம். காலையிலேயே கிளம்புங்கள், பிற்பகல் திரும்பும்போது கடற்காற்று முதுகைத் தள்ளும்.

இங்கே ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அதனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். டான்யூபுக்கு மே முதல் செப்டம்பர். கேரியரின் இருபுறமும் பை மாட்டி, முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள்.